கருவாடு சொல்லிக் கொடுத்த ஆஸ்மோசிஸ்



மலர்க் குழுவினர் "அறிவியல் கட்டுரை ஒன்று எழுதிக் கொடு" என்று கேட்டபோது, ராக்கெட்டைப் பற்றி எழுதலாமா, ரோபோவைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். கடைசியில் கருவாட்டைப் பற்றி எழுதுவது என்று முடிவு செய்தேன். சிரிக்க வேண்டாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலாம் ஆண்டு கெமிஸ்ட்ரி பிராக்டிகல் தேர்வு. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என்னைப் பார்த்து, "வாட் இஸ் ஆஸ்மோசிஸ்?" என்று கேட்டார். முந்தின நாள் ராத்திரி நெட்டுருப் போட்ட வரி தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. "செமி பெர்மியபிள்..." என்று ஆரம்பித்து, அதோடு முடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற என் நண்பன் அந்த அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை. நாங்கள் இருவருமே பத்தாவது வரை தமிழ் மீடியம். இருவருக்கும் ஊர் பழவேற்காடு பக்கம். எனக்கு எப்படியோ பாஸ் மார்க் விழுந்தது. அவனுக்கு அந்த செமஸ்டரில் நாலு அரியர். "இங்கிலீஷ் என் மண்டையில ஏறலடா மச்சான்" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் ஆண்டு பாதியிலேயே நின்றுவிட்டான்.

அவன் மண்டையில் ஏறாதது எது? அறிவியலா, ஆங்கிலமா? இந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரையில் விடை தேடப் போகிறேன்.

ஆயாவின் ஆய்வுக்கூடம்

தேர்வு முடிந்து வீட்டுக்குப் போன அன்று, திண்ணையில் எங்க ஆயா மீனைக் கீறி உப்பு தடவிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் பார்த்தால் பானையின் அடியில் ஒரு விரல்கடை தண்ணீர் நின்றது. ஆயா ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றவில்லை. "ஏது ஆயா இவ்ளோ தண்ணி?" என்று கேட்டேன். "உப்பு மீன்ல கிற தண்ணிய இசுத்துக்கிணு வந்துடும்டா. தண்ணி வெளிய வந்தாத்தான் மீன் கெடாது" என்றார்.

இதுதான் நண்பர்களே, ஆஸ்மோசிஸ்! மீனின் உடல் கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வு தண்ணீரைச் சுலபமாக விடும். உப்பை அவ்வளவு சுலபமாக விடாது. சவ்வின் ஒரு பக்கம் உப்பு அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருந்தால், குறைந்த பக்கத்துத் தண்ணீர் அதிகமான பக்கத்தை நோக்கி நகரும். மீனைக் கெடுக்கும் பாக்டீரியாவுக்கும் இதே கதிதான். உப்பு அதன் தண்ணீரையும் இழுத்துவிடுவதால் அது பெருக முடியாமல் போகிறது. ஊறுகாய் கெடாமல் இருப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

தேர்வு அறையில் எனக்கு வராத விடை, எங்கள் வீட்டுத் திண்ணையில் பல தலைமுறையாக இருந்திருக்கிறது.

சொல்லைத் திறந்து பார்ப்போம்

அன்று முதல் ஒரு பழக்கம் ஏற்பட்டது. புதிய கலைச்சொல் எது வந்தாலும், வாட்சைக் கழற்றிப் பார்ப்பது போல அதைக் கழற்றிப் பார்க்க ஆரம்பித்தேன்.

'ஆஸ்மோசிஸ்' கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். அதன் வேர்ச்சொல்லுக்குத் தள்ளுதல் என்று பொருள். தமிழில் இதைச் 'சவ்வூடு பரவல்' என்கிறோம். சவ்வு, ஊடு, பரவல் என்று பிரித்தால், சவ்வின் ஊடாகப் பரவுவது என்று விளங்கிவிடுகிறது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இது எங்கே நடக்கிறது என்று தமிழ்ச்சொல் சொல்கிறது. அதில் ஒரு விசை இருக்கிறது என்று கிரேக்கச் சொல் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டால் முழு விளக்கமும் கையில் வந்துவிடுகிறது. ஒரு மொழிக்குப் பதில் இரண்டு மொழி தெரிந்தால் பாரம் இரட்டிப்பாகும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் வெளிச்சம்தான் இரட்டிப்பாகிறது.

அந்த விசையைக் கணக்கிடச் சூத்திரம் தந்தவர் வான்ட் ஹாஃப். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் இவருக்குத்தான் கிடைத்தது. கரைசலில் உப்பு எவ்வளவு அதிகமோ, அந்த அளவுக்கு அழுத்தமும் அதிகம் என்பதுதான் அவருடைய கணக்கின் சாரம். இவர் ஹாலந்து நாட்டுக்காரர். 1613-இல் நம் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்களே டச்சுக்காரர்கள், அவர்களுடைய நாடு. தாய்மொழி டச்சு, ஆனால் 1884-இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற நூல் பிரெஞ்சு மொழியில். 1896-இல் ஜெர்மனியின் பெர்லினுக்கு வேலைக்குப் போனார். நோபல் பரிசு வாங்கியவருக்கே வேறு மொழியில் எழுத வேண்டியிருந்தது என்றால், நமக்கு வருகிற தடுமாற்றத்தில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

காட்டுப்பள்ளியில் நடப்பது என்ன?

தண்ணீர் தானாக உப்பை நோக்கிப் போகும் என்று பார்த்தோம். அதைத் திருப்பிப் போகச் செய்தால்? அதுதான் ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ், நாம் தினமும் சொல்கிற 'ஆர்.ஓ.'. நம் மாவட்டத்தில் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இந்த முறையில் அமைந்ததுதான். அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. குடிநீரில் கரைந்திருக்கும் பொருள்கள் லிட்டருக்கு அரை கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது இந்தியத் தர நிர்ணயம். கடல்நீரின் சவ்வூடு அழுத்தம் ஏறக்குறைய 27 பார். தண்ணீரை எதிர்த்திசையில் தள்ள வேண்டுமானால் அதைவிட அதிகமாக அழுத்த வேண்டும். எனவே இத்தகைய ஆலைகளில் 55 முதல் 70 பார் வரை அழுத்தம் கொடுக்கிறார்கள். நம் மோட்டார் சைக்கிள் டயரில் இருப்பது சுமார் 2 பார்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்! ஆயிரம் லிட்டர் நன்னீருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகிறது. எடுக்கிற கடல்நீரில் பாதிக்கும் குறைவாகத்தான் நன்னீராகக் கிடைக்கும். மீதி, உப்பு செறிந்த நீராகக் கடலுக்கே திரும்புகிறது. அதை எங்கே, எப்படிக் கலந்துவிடுவது என்பது மீன்வளத்தைப் பாதிக்கும் விஷயம். அந்தப் பொறுப்பும் பொறியியலைச் சேர்ந்ததே.

அழுத்தத்தைக் கூட்டாமல், குறைத்தும் இந்தக் காரியத்தைச் செய்யலாம். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்து விஞ்ஞானிகள், 2005-இல் லட்சத்தீவின் கவரத்தியில் வேறொரு ஆலையை அமைத்தார்கள். காற்றை வெளியேற்றி அழுத்தத்தை மிகவும் குறைத்தால், சாதாரண வெப்பநிலையில் இருக்கும் கடல்மேல் நீரே ஆவியாகும். ஆழ்கடலிலிருந்து குழாய் வழியே எடுத்த குளிர்ந்த நீரால் அந்த ஆவியைக் குளிர்வித்தால் குடிநீர் கிடைக்கும். அந்த ஆலையின் அளவு நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர். மெக்கானிக்கல் மாணவர்களே, நாம் படிக்கிற அதே வேக்குவமும் கண்டென்சரும்தான்!

இதையெல்லாம்விட ஆச்சரியம் நம் ஏரியின் மடவை மீன். பழவேற்காடு ஏரியில் மழைக்காலத்தில் உப்பு குறையும், கோடையில் ஏறும். மடவை இரண்டையும் தாங்கும். கடல்நீரில் இருக்கும்போது அது தண்ணீரைக் குடித்து, அதிகப்படியான உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. நன்னீரில் உடம்புக்குள் புகுகிற தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்றி, உப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எந்தப் பக்கம் உப்பு, எந்தப் பக்கம் தண்ணீர் என்று அறிந்து அதற்கேற்ப மாறிக்கொள்கிறது.

நம்ம ஊர்ச் சொல்லும் விஞ்ஞானச் சொல்லே

அறிவியல் சொற்கள் எல்லாம் அயல்நாட்டுச் சரக்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கானாங்கெளுத்தி மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விஞ்ஞானப் பெயர் 'ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்த்தா'. பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் விசாகப்பட்டினக் கடலில் கிடைத்த இருநூறு மீன்களைப் பற்றி 1803-இல் ஒரு நூல் வெளியிட்டார். அங்கே வழங்கிய தெலுங்குப் பெயர்களையும் அதில் குறித்துவைத்தார். 1816-இல் பிரெஞ்சு விஞ்ஞானி குவியே அதிலிருந்து 'கனகுர்த்தா'வை எடுத்து விஞ்ஞானப் பெயரில் சேர்த்தார். முன்பாதியான 'ராஸ்ட்ரெல்லிகர்' லத்தீன். வாரி போன்ற செவுள் முட்களை உடையது என்று பொருள். கடல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை இந்த மீன் அந்த முட்களால்தான் வடிகட்டி உண்கிறது. பெயருக்குள்ளேயே ஒரு ஃபில்டர் ஒளிந்திருக்கிறது பாருங்கள்!

நம்ம 'கட்டுமரம்' 1697-இல் டாம்பியர் என்ற கடலோடியின் நூல் வழியாக ஆங்கிலத்தில் ஏறி, இன்று உலகமெங்கும் 'கேட்டமரான்' ஆகிவிட்டது. ஆம், பெயர் வைத்தவர்கள் முதலில் பொருளைப் பார்த்தார்கள், பிறகுதான் சொல்லைச் சொன்னார்கள். நாம்தான் பொருளைப் பார்க்காமலே சொல்லை விழுங்கிக்கொண்டிருக்கிறோம்.

சிப்காட்டில் ஒரு சந்திப்பு

சென்ற விடுமுறையில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்கு இன்பிளான்ட் டிரெயினிங் போனேன். பாய்லருக்குத் தண்ணீர் தருகிற ஆர்.ஓ. பிளான்ட் முன்னால் யார் நின்றிருந்தான் தெரியுமா? அதே நண்பன்! கான்ட்ராக்ட் ஹெல்பர் வேலை. "இந்த கேஜ் ஏறுச்சுன்னா மெம்பரேன் அடைச்சிருக்குன்னு அர்த்தம் மச்சான். இங்க போர் தண்ணி, பத்துப் பன்னெண்டு பார் போதும். கடல் தண்ணின்னா அறுபதுக்கு மேல வேணும். உப்பு ஜாஸ்தியானா பிரஷரும் ஜாஸ்தி வேணும்ல?" என்று சரளமாக விளக்கினான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோபல் பரிசு வாங்கித் தந்த கணக்கை அவன் கை வேலையாகவே கற்றிருக்கிறான். அதோடு பீகார்க்காரரிடம் இந்தியிலும், தடா பக்கத்திலிருந்து வருகிற சூப்பர்வைசரிடம் தெலுங்கிலும் பேசுகிறான். ஸ்பானரை ஒருத்தரிடம் 'பானா' என்று கேட்கிறான். சுத்தியலை இன்னொருத்தரிடம் 'சுத்தி' என்று கேட்கிறான். யாரும் அவனுக்கு இலக்கணம் நடத்தவில்லை. சாமான் கையில் இருந்தது, பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

"மச்சான், இதான்டா அன்னிக்கு நம்மளக் கேட்ட ஆஸ்மோசிஸ்" என்றேன். அவன் சிறிது நேரம் கேஜையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதானா? இதுக்காடா நான் படிப்ப விட்டேன்?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு வேண்டுகோள்

நண்பர்களே, அவனுக்கு அறிவியல் வராமல் போகவில்லை. அறிவியலுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு சவ்வு இருந்தது. அதைத் தாண்டும் அழுத்தத்தை யாரும் தரவில்லை. அருகிலேயே நின்ற நானும் தரவில்லை.

ஆகவே ஒரு சிறு யோசனை. ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்குவோம். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரிப்போம். முதல் கட்டத்தில் ஆங்கிலச் சொல், இரண்டாவதில் தமிழ்ச் சொல், மூன்றாவதில் அதை நாம் கண்ணால் பார்த்த இடம். 'ஆஸ்மோசிஸ், சவ்வூடு பரவல், ஆயா வீட்டுக் கருவாடு' என்பது போல. நாளுக்கு ஒரு சொல் போதும். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால், அந்தச் சொல் நமக்கு இன்னும் தெரியாது என்று அர்த்தம். மாணவர் மன்றம் இதற்கென ஒரு பொது நோட்டை வாசிப்பறையில் வைத்தால், முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்குப் பேருதவியாக இருக்கும் என்றால் மிகையாகாது.

என் நோட்டில் இதுவரை எழுதியதை ஜெராக்ஸ் எடுத்து நண்பனிடம் கொடுத்திருக்கிறேன். நாலு அரியரில் முதலில் கெமிஸ்ட்ரியை எழுதப் போவதாகச் சொல்லியிருக்கிறான். படிக்க நேரம் நைட் ஷிப்ட் முடிந்து வந்த பிறகுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூட உட்காருகிறேன்.