விகடகவியைத் திருப்பிப் போடுங்கள்

நிரல் எழுதப் பழக நினைப்பவர்களுக்கு என் யோசனை இது: பாடப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு சொல் விளையாட்டில் ஆரம்பியுங்கள். ஒரு சொல்லை வாங்கி, அது முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றுபோலவே வருகிறதா என்று சொல்லும் நிரல். பைத்தானில் நாலைந்து வரி போதும். சொல்லை வாங்க ஒரு வரி, திருப்பிப் போட ஒரு வரி, இரண்டையும் ஒப்பிட்டு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று காட்ட மிச்சம். திருப்பிப் போடுவதற்கு, சொல்லை வைத்திருக்கும் பெயருக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் இரண்டு முக்காற்புள்ளி, ஒரு கழித்தல் குறி, அப்புறம் 1. அவ்வளவுதான்.

‘கடக’ என்று கொடுங்கள்: ஆம். ஆங்கில எழுத்தில் ‘மலையாளம்’ என்று அடியுங்கள்: ஆம். (முதல் எழுத்தை மட்டும் பெரிய எழுத்தாக அடித்தால் ‘இல்லை’ என்கிறது. ஏன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.) இப்போது ‘விகடகவி’.

இல்லை.

தமிழில் எல்லாருக்கும் தெரிந்த உதாரணமே தோற்றுப்போகிறது. உடனே இணையத்தில் தேடவோ ஏஐயிடம் கேட்கவோ போகாதீர்கள். அந்த நிமிடத்தில்தான் படிப்பே தொடங்குகிறது. வேறு சொற்களைக் கொடுத்துப் பாருங்கள். குடகு? இல்லை. தாத்தா? இல்லை. பாப்பா? அதுவும் இல்லை. கடக மட்டும் தேறுகிறது. அதில் காலும் இல்லை, கொம்பும் இல்லை, புள்ளியும் இல்லை. துப்பு கிடைத்துவிட்டது.

அடுத்து, சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். நமக்கு விகடகவி 5 எழுத்து, பைத்தானுக்கு 7. ‘தமிழ்’ நமக்கு 3, அதற்கு 5. யூனிகோடில் ‘வி’ ஒரே குறியீடு அல்ல. வ ஒன்று, அதன் பின்னால் இகரக் குறி ஒன்று. பைத்தான் எண்ணுவது இந்தக் குறியீடுகளைத்தான். திருப்பியதைத் திரையில் அச்சிட்டால் விஷயம் பளிச்சென்று தெரியும். கடைசி ‘வி’யின் குறி முன்னால் வந்து ஒட்ட எழுத்தில்லாமல் அநாதையாக நிற்கும். முதல் ‘வி’யின் குறியோ பக்கத்திலிருந்த ககரத்தோடு ஒட்டிக்கொண்டு அதைக் ‘கி’ ஆக்கியிருக்கும்.

சரிசெய்யும் வழி இனி உங்களுக்கே தோன்றும். குறியீடுகளை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். வந்தது உயிர்மெய்க் குறியோ புள்ளியோ என்றால் முந்தைய எழுத்தோடு ஒட்ட வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் புது எழுத்தாகச் சேர்க்க வேண்டும். கடைசியில் சொல்லுக்குப் பதில் அந்தப் பட்டியலைத் திருப்ப வேண்டும். லூப், இஃப், லிஸ்ட் மூன்றும் இதற்குள் வந்துவிட்டன. மூன்று அத்தியாயமாகப் படித்திருந்தால் இவை எதற்கு என்ற கேள்வி வந்திருக்கும். இங்கே அவை இல்லாமல் விகடகவி தேறாது.

இந்த அணுகுமுறை புதிதல்ல. 1967இல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோய்ர்ஸைக் ஆகியோர் பிள்ளைகளுக்காக உருவாக்கிய லோகோ மொழியும் அப்படித்தான். அதில் ஆமையை நகர்த்திப் படம் வரையலாம். ஐந்து முனை நட்சத்திரம் வேண்டுமென்றால் ஒவ்வொரு முனையிலும் 144 பாகை திரும்ப வேண்டும். 72 என்று கொடுத்துவிட்டால் ஐங்கோணம் வந்து நிற்கும். தப்பு கண்ணுக்குத் தெரிகிறது, அதைத் திருத்தவும் ஆசை வருகிறது. அந்த ஆமை இன்று பைத்தானோடு இலவசமாகவே வருகிறது. சொல் விளையாட்டு பிடிக்காதவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்துகளைப் பிரித்துத் தரும் ‘ஓப்பன் தமிழ்’ என்ற நிரலகமும் பைத்தானில் உண்டு. உங்கள் நிரல் ஓடிய பிறகு அதைத் திறந்து பாருங்கள், முன்னால் வேண்டாம். க்ஷ, ஸ்ரீ போன்றவற்றை உங்கள் நிரல் எப்படி வெட்டுகிறது என்று பார்த்தால் இன்னொரு மாலை நேரம் போய்விடும். க்ஷ ஓர் எழுத்தா இரண்டா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், கணினி செய்யாது.

இதெல்லாம் முடிந்தால் பெரிய இரை ஒன்று இருக்கிறது. மூன்றாம் திருமுறையில் சம்பந்தர் பாடிய திருமாலைமாற்றுப் பதிகம், கடைசி எழுத்திலிருந்து படித்தாலும் அதே பாடல் வரும்படி அமைந்தது. ஒரு பாடலை அப்படியே நிரலுக்குக் கொடுத்துப் பாருங்கள். முதலில் ‘இல்லை’ என்றே சொல்லும். சீர்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியையும் வரி முறிவையும் அது எழுத்தாகவே எண்ணுகிறது. அவற்றை நீக்க இன்னும் ஒரே ஒரு வரி எழுத வேண்டும்.