பொதிப்பையில் ஒரு கம்பளம்

கம்பளம் என்றதும் கூடத்தில் விரித்ததுதான் நம் நினைவுக்கு வரும். குர்து மேய்ச்சல்காரர்களிடம் அது கோவேறு கழுதையின் முதுகிலும் தொங்கியது. ஈரான், இராக் எல்லையை ஒட்டிய சாக்ரோஸ் மலைகளில் கோடைக்கு மேலேறி, குளிருக்குச் சமவெளி இறங்கி ஆடு மேய்த்தவர்கள் ஜாஃப் குலத்தார். வீட்டுச் சாமான்களை இரட்டைப் பைகளில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்தப் பையின் முகப்பு அடர்ந்த கம்பள வேலை. பின்புறம் வரி போட்ட சாதாரண நெசவு.

தறி என்று பெரிதாக ஒன்றுமில்லை. தரையில் நான்கு முளை அடித்து, இரண்டு கழிகளை இழுத்துக் கட்டி, இடையில் நீளவாக்கில் பாவு நூல் ஓட்டினால் முடிந்தது. கிளம்பும் நாளில் முளையைப் பிடுங்கிப் பாதி நெய்ததைச் சுருட்டிக்கொள்ளலாம். புது இடத்தில் மறுபடி கட்டும்போது இழுவை மாறும். பழைய பைகளின் ஓரம் வளைந்திருக்க இதுவும் ஒரு காரணம். அதைக் குறையாகச் சொல்வது நியாயமில்லை. நூலுக்குத் தக்கிளி போதும், நடந்துகொண்டே நூற்கலாம்.

இந்தப் பைகளின் சூட்சுமம் முடிச்சில் இருக்கிறது. வழக்கமான கம்பளத்தில் ஒவ்வொரு முடிச்சும் இரண்டு பாவு நூல்களைப் பிடிக்கும். அடுத்த வரிசையும் அதே இரண்டு நூல்களின் மேலேயே ஏறும். அப்படி நெய்தால் சாய்கோடு படிக்கட்டாகத்தான் வரும். ஜாஃப் பெண்கள் அடுத்த வரிசையில் இந்த ஜோடியில் ஒரு நூல், பக்கத்து ஜோடியில் ஒரு நூல் என்று பிடித்தார்கள். செங்கல் சுவரில் கீழ்வரிசையின் இணைப்புக்கு மேல் அடுத்த கல்லின் நடு உட்காருகிறதே, அதே கணக்கு. முடிச்சு பாதியளவு நகர, சாய்கோடு வழுக்கிக்கொண்டு வரும். பை முழுக்க நிறைந்திருக்கும் கொக்கி வைத்த சாய்சதுரங்கள் இப்படிப் பிறந்தவை. பார்த்து நெய்ய வரைபடத் தாள் கிடையாது. எந்த இடத்தில் ஜோடியைப் பிரிப்பது என்பது விரலுக்கே தெரியும்.

சாயம் மலையிலும் சந்தையிலும் கிடைத்தது. சிவப்புக்கு மஞ்சிட்டி வேர், நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்கு மாதுளைத் தோல், பழுப்புக்கு அக்ரூட் காயின் பச்சைத் தோல். கறுப்புக்கு மாசிக்காயும் இரும்பும். ஆம், நம் நாட்டு மருந்துக் கடை மாசிக்காயேதான். மேற்காசியக் கருவாலி மரத்தில் பூச்சி முட்டையிடுவதால் உண்டாகும் புடைப்பு அது. இந்தக் கறுப்பில் ஒரு வில்லங்கம்: இரும்பு கம்பளியை மெல்ல அரிக்கும். நூறாண்டுப் பழைய துண்டைத் தடவிப் பார்த்தால் சிவப்பும் நீலமும் மேடாக நிற்க, கறுப்புக் கோடு மட்டும் பள்ளமாகத் தட்டுப்படும்.

ஊரில் தங்கி நெய்தவர்களின் வேலை வேறு மாதிரி. ஈரானின் பிஜாரில் குறுக்கே ஓடும் ஊடை நூலை நனைத்து, கனத்த உலோகச் சீப்பால் ஓங்கி அடித்து இறுக்குவார்கள். அந்தக் கம்பளத்தைச் சுருட்டலாம். மடித்தால் உள்நூல் அறுந்துபோகக்கூடும். அதே நாட்டின் சனந்தஜ் ஊரில் முடிச்சில்லாமல் தட்டையாக நெய்யும் கிலிம் இதற்கு நேர்மாறு, அவ்வளவு மெல்லிசு.

பைகள் அருகியதற்குக் காரணம் ரசனை மாறியது மட்டுமல்ல. முதல் உலகப் போருக்குப் பின் வந்த எல்லைகள் மேய்ச்சல் பாதைகளை வெட்டின. ஈரானில் மன்னர் ரேசா ஷா நாடோடிகளைக் கட்டாயமாகக் குடியமர்த்தினார். இராக்கில் 1988-இல் சதாம் அரசின் அன்ஃபால் தாக்குதல்கள் குர்துக் கிராமங்களை ஆயிரக்கணக்கில் தரைமட்டமாக்கின. பயணம் நின்றபின் பொதிப்பை எதற்கு? எஞ்சியவற்றைப் பழம்பொருள் வியாபாரிகள் வாங்கி, முகப்பை மட்டும் வெட்டியெடுத்துச் சிறு கம்பளமாக விற்றார்கள்.

இராக் குர்திஸ்தானின் எர்பில் கோட்டைக்குள், பழைய மாளிகை ஒன்றில், 2004 முதல் குர்து நெசவு அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தக் கோட்டை 2014-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. பைகள் பத்திரமாகிவிட்டன, நல்லது. ஆனால் சுவரில் மாட்டிய பை முடிச்சுப் போடக் கற்றுத்தராது. கை தெரிந்த பாட்டிக்குச் சம்பளம் கொடுத்துப் பேத்தி வயதுப் பெண்களுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பதுதான் உருப்படியான வழி.

எங்காவது இப்படி ஒரு கம்பளத் துண்டு கண்ணில் பட்டால், முதலில் திருப்பிப் பாருங்கள். முடிச்சுகள் பாதி பாதியாக நகர்ந்திருந்தால் பெரும்பாலும் ஜாஃப் வேலை. பின்நெசவும் ஒட்டியே இருந்தால், யாரையும் பிரிக்க விடாதீர்கள்.