விரைவும் விளைவும்



சில ஆண்டுகளுக்கு முன், விஞ்ஞான ஆசிரியர் வராத ஒரு நாளில் அவருடைய வகுப்பை நான் கவனிக்க நேர்ந்தது. நானோ கலைப் பட்டதாரி. மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, மகனீசிய நாடாவுக்குப் பதிலாக அதே நிறையுள்ள தூளை அமிலத்தில் இட்டால் ஐதரசன் வாயு கூடுதலாகக் கிடைக்குமா?" என வினவினாள். "தூள் விரைந்து தாக்கமுறும், ஆகவே கூடுதலாகவே கிடைக்கும்" என்றேன். அவளும் அதனைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

என் விடை பிழை. அதனைத் தாம்பூலத்தைக் கொண்டு விளக்கலாம். ஒரு பாக்குக்கு இரண்டு வெற்றிலை என வைத்துக்கொள்வோம். தட்டிலே 5 பாக்கும் 50 வெற்றிலையும் இருந்தால் எத்தனை தாம்பூலம் மடிக்கலாம்? ஐந்தே. மடிப்பவரின் கை எத்துணை விரைந்தாலும் ஆறாவது உண்டாகாது. அங்கே எல்லை வகுப்பது பாக்கு.

மகனீசியமும் ஐதரோகுளோரிக் அமிலமும் அவ்வாறே 1:2 என்னும் மூல் விகிதத்தில் தாக்கமுறுகின்றன. 0.12 கிராம் மகனீசியம் 0.005 மூல் ஆகும். அதற்கு வேண்டிய அமிலம் 0.01 மூல். லீற்றருக்கு 1 மூல் செறிவுள்ள அமிலத்தில் 50 கன சென்ரிமீற்றர் எடுத்தால் அதில் 0.05 மூல் உண்டு. அமிலம் தேவையினும் ஐந்து மடங்காதலின், மகனீசியமே எல்லைப்படுத்தும் தாக்கி. அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 120 கன சென்ரிமீற்றர் ஐதரசன் வெளிவரும். அதற்கு மேல் வராது.

நேரத்துக்கு எதிரே வாயுவின் கனவளவைக் குறித்து வரைந்தால், வளையி முதலில் விரைந்து எழும். உலோகத்தின் மேற்பரப்பும் அமிலச் செறிவும் குறையக் குறையச் சாய்வு தணிந்து, ஈற்றில் அது கிடைக்கோடாகும். தூளுக்கு மேற்பரப்பு மிகுதியாதலால் அதன் வளையி இன்னும் செங்குத்தாக எழும். எனினும் அதே 120இல் நின்றுவிடும். அமிலத்தின் செறிவை இரட்டித்தாலும் அவ்வாறே. அமிலத்தை 5 கன சென்ரிமீற்றராகக் குறைத்தாலோ, எல்லை வகுப்பது அமிலமாகிவிடும். வளையி 60இல் ஓயும். மகனீசியத்திற் பாதி எஞ்சிக் கிடக்கும்.

சாய்வு விரைவைக் கூறும்; உயரம் விளைவைக் கூறும். ஒன்றைக் கண்டு மற்றதனைத் தீர்மானித்தலாகாது.

மறுநாள் அவ்வாசிரியர் நாடாவையும் தூளையும் இட்டுச் செய்து காட்டினார். இரண்டும் ஒரே அளவில் நின்றன. வகுப்பின் முன்னிலையில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். அம்மாணவி கொப்பியை எடுத்து, என் விடையை ஒரு கோட்டால் அடித்து, சரியானதை அதன் கீழ் எழுதினாள்.