குழந்தைக்குக் காது கேட்கிறதா? 'பெரா' பரிசோதனை பற்றி



பிறந்த குழந்தையின் காதில் பாங்கு சொல்கிறோம். அந்தக் காது கேட்கிறதா என்று பார்க்கும் வழக்கம்தான் நம்மிடம் இல்லை. இரண்டு வயதாகியும் பேச்சு வராவிட்டால், "அவன் அத்தாவும் லேட்டாகத்தான் பேசினார்" என்று பெரியவர்கள் சமாதானம் சொல்லிவிடுகிறார்கள். கதவைச் சாத்தினால் திரும்புகிறானே என்பார்கள். கதவின் அதிர்வை உடம்பே உணரும். அதை நம்பி இருக்க முடியாது.

இதற்கு 'பெரா' என்ற பரிசோதனை உண்டு. தலையில் கரண்ட் வைப்பார்கள் என்று சில தாய்மார்கள் பயப்படுகிறார்கள். கரண்ட் எதுவும் உள்ளே போவதில்லை. மூளையில் எழுவதைத்தான் அளக்கிறார்கள். நெற்றியிலும் காதுகளின் பின்னாலும் சிறு வில்லைகளை ஒட்டி, காதில் 'டிக் டிக்' என்று சத்தம் கொடுப்பார்கள். சத்தம் நரம்பு வழியே மூளைத்தண்டுக்குப் போகும்போது மெல்லிய மின் அலைகள் எழும். நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். அளவோ ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

மூளையின் மற்ற மின்சாரத்துக்கு நடுவே இதை எப்படிப் பிரிப்பது? ஆயிரம், இரண்டாயிரம் முறை சத்தம் கொடுத்துக் கணினி சராசரி எடுக்கிறது. ஆளாளுக்குப் பேசினால் வெறும் இரைச்சல். பெருநாள் தக்பீரை எல்லோரும் சேர்ந்து சொன்னால் தெருமுனை வரை கேட்கிறதல்லவா, அதுபோல. பிறகு சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, அலை எங்கே மறைகிறது என்று பார்ப்பார்கள். (இது குழந்தையின் அறிவை அளக்கும் சோதனை அல்ல.)

குழந்தை தூங்க வேண்டும், அவ்வளவுதான். அன்று தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், வில்லை ஒட்டாது. வழியில் தூங்கவிடாமல் கொண்டுபோய், அங்கே பால் கொடுத்துத் தூங்க வையுங்கள்.

குறைமாதக் குழந்தை, கடும் மஞ்சள் காமாலையோ மூளைக்காய்ச்சலோ வந்த குழந்தை, சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் குழந்தை: இவர்கள் பேச்சு வரும்வரை காத்திருக்கவே கூடாது. கோரிமேடு ஜிப்மரில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள்.

அவசரப்படுத்தக் காரணம் உண்டு. காதுக் கருவியால் பயனில்லாத குழந்தைக்கு, உள்காதில் 'காக்ளியர்' கருவி பொருத்த மத்திய அரசின் 'அடிப்' திட்டம் உதவுகிறது. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு அதில் வயது வரம்பு 5. மும்பையில் அலி யாவர் ஜங் பெயரில் 1983இல் தொடங்கிய தேசிய நிறுவனம்தான் அதை நடத்துகிறது. 5 வயது வரை நேரம் இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். பேச்சு கற்கும் காலம் அதற்குள் பெரும்பாலும் போய்விடும்.

போக்குவரத்துச் செலவுக்குச் சிரமப்படுவோர் ஜும்ஆவுக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்தில் தெரிவிக்கவும். ஸதகா நிதியிலிருந்து தருகிறோம். பெயர் வெளியே வராது.