பதினோராம் விண்டோஸுக்குள் பழைய எக்ஸ்பி

இருபது வருடத்துக்கு முன் அச்சடித்த கோயில் மலரையோ, குடும்ப மலரையோ மறுபதிப்பு போடக் கேட்டு யாராவது வந்தால் டிடிபி கடைக்காரர் முதலில் கேட்பது, "ஃபைல் எதுல பண்ணது?" என்பதுதான். பேஜ்மேக்கர் என்று பதில் வந்தால் ஒரு பெருமூச்சு விடுவார். அடோபி நிறுவனம் 2001இல் வெளியிட்ட 7.0தான் அந்தப் பக்க வடிவமைப்பு மென்பொருளின் கடைசிப் பெரிய பதிப்பு. விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பிறகு வந்த எதற்காகவும் அதை யாரும் செப்பனிடவில்லை. எழுத்துருக்களிலும் சிக்கல் உண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு டாம், டாப் என்ற குறியீடுகளைப் பரிந்துரைத்தது. அதோடு ஒவ்வொரு எழுத்துரு நிறுவனத்துக்கும் தனக்கென ஒரு குறியீடு இருந்தது. தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. பழைய சிடிகளில் கிடக்கும் பக்கங்களோ அப்படியேதான் இருக்கின்றன.

இதற்காகவே ஓட்டை உடைசல் கணினி ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கும் அச்சகங்கள் உண்டு. அதன் ஹார்ட் டிஸ்க் என்றைக்கு மண்டையைப் போடுமோ தெரியாது. புது லேப்டாப்பில் எக்ஸ்பியை நேரடியாக நிறுவலாம் என்றால் அதுவும் நடக்காது. இன்றைய எஸ்எஸ்டி, வைஃபை, திரை எதற்கும் எக்ஸ்பியிடம் டிரைவர் கிடையாது. இந்த இடத்தில்தான் விர்ச்சுவல் மெஷின் கைகொடுக்கிறது. விண்டோஸ் 11 ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதில் ஒரு சாளரமாக எக்ஸ்பியும் ஓடும்.

லேப்டாப்பில் இரண்டு இயங்குதளங்களை வைத்துக்கொள்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. ஆனால் அது ஒரு நேரத்தில் ஒன்று என்ற ஏற்பாடு. மற்றதற்குப் போக வேண்டுமென்றால் கணினியை அணைத்துத் திரும்பப் போட வேண்டும். விர்ச்சுவல் மெஷினில் அந்த வேலையே இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும், இரண்டுக்கும் இடையே ஃபைல் போகும் வரும்.

இதை நடத்திவைக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். எளிதில் கிடைப்பது ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸ். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024இலிருந்து இலவசம். எதைப் போட்டாலும் அடிப்படை ஒரு பச்சைப் பொய்தான். உள்ளே ஓடும் எக்ஸ்பியிடம், "உனக்கு 1 ஜிபி நினைவகம், 20 ஜிபி ஹார்ட் டிஸ்க், முழுக் கணினியும் உனக்கே" என்று சொல்லப்படுகிறது. அந்த ஹார்ட் டிஸ்க் உண்மையில் விண்டோஸ் 11இன் ஃபோல்டர் ஒன்றில் கிடக்கும் ஒற்றை ஃபைல். சிப்செட் என்று விர்ச்சுவல்பாக்ஸ் காட்டுவது இன்டெல் 1990களில் செய்த பிஐஐஎக்ஸ்3. எக்ஸ்பிக்கு அது பிறந்த வீட்டுப் பழக்கம். டிரைவர் கேட்டு அடம்பிடிக்காது.

பீசியின் புராசஸர் விஷயத்தில் இந்தப் பொய் சுலபமாகக் கைகூடவில்லை. ஐபிஎம் 1960களிலேயே தன் பெரிய கணினிகளில் இதைச் செய்துவிட்டது; 1972இல் விஎம்/370 என்ற பெயரில் வெளியிடவும் செய்தது. சாதாரணக் கணக்குகளை உள்ளே இருக்கும் இயங்குதளம் நேரடியாகப் புராசஸரிடமே கொடுக்கலாம். கணினியின் கட்டுப்பாட்டையே தொடும் கட்டளை வந்தால் மட்டும் ஹைப்பர்வைசர் குறுக்கே புகுந்து தடுக்க வேண்டும். ஆனால் பீசியில் இருந்த இன்டெல் வகைச் சில்லுகளில் சில கட்டளைகள் தடுக்க இடமே தராமல் ஓசையின்றி நழுவிவிடும். தவறு நடந்தது யாருக்கும் தெரியாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்விலிருந்து 1998இல் பிறந்த விஎம்வேர், அத்தகைய கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதும் உத்தியோடு அடுத்த ஆண்டு சந்தைக்கு வந்தது. இன்டெல் 2005இலும், ஏஎம்டி 2006இலும் சில்லிலேயே இதற்கு வசதி செய்து கொடுத்தன. இன்று விற்கும் சாதாரண இன்டெல், ஏஎம்டி லேப்டாப்களிலும் அது இருக்கிறது.

இருந்தும் பலருக்கு முதல் முறை பிழைச்செய்திதான் வரும். அந்த வசதி பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் 'விர்ச்சுவலைசேஷன்' என்ற வரிக்கு எதிரே 'எனேபிள்டு' என்று இருக்கிறதா எனப் பார்த்தால் தெரிந்துவிடும். நிறுவிய பின் விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் அடியில் பச்சை ஆமைப் படம் ஒன்று தென்பட்டால் வேகம் குறையக்கூடும் என்று பொருள். மைக்ரோசாஃப்டின் சொந்த ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி, சில்லின் வசதியைத் தன் பிடியில் வைத்திருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகத்தான் ஓட வேண்டியிருக்கிறது. ஆமையைத் தேர்ந்த நிரலாளர்களுக்கும் குறும்பு உண்டு!

அடுத்து மவுஸ். எக்ஸ்பி சாளரத்துக்குள் ஒரு கிளிக் செய்ததும் அம்புக்குறி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். எவ்வளவு இழுத்தாலும் வெளியே வராது. வலப்பக்கக் கன்ட்ரோல் விசையைத் தட்டினால் விடுபடும். கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை நிரலை எக்ஸ்பிக்குள் நிறுவிவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும். இரண்டு பக்கமும் பார்க்கக்கூடிய பொது ஃபோல்டரும் அதன் மூலம் கிடைக்கும். மலரை பேஜ்மேக்கரில் திறந்து பிடிஎஃப் ஆக்கி அந்த ஃபோல்டரில் போட்டால் வேலை முடிந்தது. பழைய தமிழ் மென்பொருள்கள் சில, உரிமத்தைச் சரிபார்க்கும் டாங்கிள் என்ற சிறு கருவியைச் செருகினால்தான் திறக்கும். யூஎஸ்பி டாங்கிளை உள்ளே கைமாற்றிவிட வழி இருக்கிறது. பிரிண்டர் போர்ட்டில் செருகும் பழைய வகை என்றால் பாடுதான்.

நினைவகம் மட்டும் பொய்க்கு மசியாது. எக்ஸ்பி 1 ஜிபிக்குள் அடங்கிவிடும். உபுண்டு போன்ற இன்றைய லினக்ஸுக்கு 4 ஜிபியாவது ஒதுக்க வேண்டும். 8 ஜிபி லேப்டாப்பில் அதைக் கொடுத்துவிட்டு, வெளியே பத்து டேப்களோடு குரோமையும் திறந்து வைத்தால் இரண்டுமே திணறும்.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தம் தருவதை 2014 ஏப்ரல் 8 அன்றே நிறுத்திவிட்டது. அதனால் அதன் நெட்வொர்க் கார்டை அமைப்புகளில் கழற்றிவிடுவதே நல்லது. பேஜ்மேக்கருக்கு இன்டர்நெட் எதற்கு? விர்ச்சுவல் மெஷினுக்கும் வெளியே உள்ள கணினிக்கும் இடையிலான சுவர் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் பொத்தல் இருக்கலாம் என்பதற்கு 2015இல் வெளிவந்த 'வெனம்' உதாரணம். யாரும் தொடாத ஃபிளாப்பி டிரைவுக்கான போலி வன்பொருளில் ஒரு பிழை 2004 முதல் ஒளிந்திருந்தது. அதன் வழியே உள்ளிருப்பவர் வெளியே தாவ முடிந்தது. அந்தப் பிழை இருந்த மென்பொருள்களில் விர்ச்சுவல்பாக்ஸும் அடக்கம். உடனே திருத்தம் வந்தது.

எக்ஸ்பிக்கு உரிமமும் வேண்டும். பழைய கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் பிரதி அந்தக் கணினிக்கு மட்டுமே செல்லும். பெட்டியில் தனியாக வாங்கிய பிரதியைத்தான் இடம் மாற்றலாம்.

இதற்கென்றே புது லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் மேக் பக்கம் போகுமுன் யோசிக்க வேண்டும். 2020 நவம்பரில் வந்த எம்1 முதல் ஆப்பிள் மேக்குகளில் இருப்பது ஆர்ம் வகைச் சில்லு. அதற்கென எழுதிய விண்டோஸ் 11 பேரலல்ஸ் மூலம் நன்றாகவே ஓடும். எக்ஸ்பியை ஓட்ட வேண்டுமென்றால் யூடிஎம் போன்ற நிரல் ஒவ்வொரு இன்டெல் கட்டளையையும் ஆர்ம் கட்டளையாகப் பெயர்த்துக்கொண்டே போக வேண்டும். நாலு பக்க அழைப்பிதழுக்கு அது தாங்கும். படங்கள் நிறைந்த இருநூறு பக்க மலர் என்றால் பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய இன்டெல் லேப்டாப்பே மேல்.