ஏஜென்ட் படிக்கும் அந்த நாலு வரி

செருப்பை வெளியே விட்டுவிட்டு என்னோடு உள்ளே வாங்க, சீக்கிரம்! சென்னை தரமணியில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடி. ஏஐ ஏஜென்ட்டுகள் படிப்பதற்காக மென்பொருள் கருவிகளுக்கு விளக்கம் எழுதுகிறார்களே, அந்த வேலை நடக்கும் அறையை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று பல நாளாக ஆசை. இன்றைக்குத்தான் கதவு திறந்தது.

அடேயப்பா, என்ன களேபரம்! மேஜை முழுக்க டீ கப்புகள், பிரித்த முறுக்குப் பொட்டலம், ஏசி ஓடாததால் ஆளுக்கொரு விசிறியாக மடித்த அட்டைகள். கண்ணாடிச் சுவர் மறையும் அளவுக்கு மஞ்சள் சீட்டுகள். நடுவில் ஒன்றில் கொட்டை எழுத்தில், 'எப்போது கூப்பிடக் கூடாது?'

இவர்கள் செய்வது கூரியர் கம்பெனிகளுக்கான மென்பொருள். பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்க்க, பிக்கப் பதிவு செய்ய, ரத்து செய்ய என்று சின்னச் சின்னக் கருவிகள். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பொது வரைமுறை வழியாக அவற்றை ஏஜென்ட்டின் கைக்கு எட்ட வைக்கிறார்கள். வாடிக்கையாளர் சாட்டில் ஏதாவது கேட்டால், எந்தக் கருவியை எடுப்பது என்று ஏஜென்ட்டே முடிவெடுக்கும். அதற்குத் தெரிவதெல்லாம் கருவியின் பெயர், நாலு வரி விளக்கம், என்னென்ன விவரம் தர வேண்டும் என்ற பட்டியல். அவ்வளவுதான்! பக்கத்து சீட்டில் இருப்பவரைத் தட்டி, "அண்ணே, இது எதுக்கு?" என்று கேட்க அதற்கு வழியில்லை.

"பாருங்க, பாருங்க" என்று ஒரு தம்பி திரையைத் திருப்புகிறார். ஒத்திகை நடக்கிறது. 'ஜூன் 5ஆம் தேதி வந்து எடுத்துக்கோங்க' என்பது வாடிக்கையாளரின் கோரிக்கை. கருவியின் விளக்கத்தில் வெறுமனே 'தேதி' என்று மட்டும் இருக்கிறது. ஏஜென்ட் 05/06 என்று அனுப்ப, கருவி மாதத்தை முதலில் படிக்க... மே 6! அறையே கொல்லென்று சிரிக்கிறது. நல்லவேளை, எல்லாம் பொய்ப் பார்சல்கள். விளக்கம் எழுதும் அக்கா மட்டும் சிரிக்கவில்லை, அவர் விரல்கள் ஏற்கெனவே தட்டிக்கொண்டிருக்கின்றன: 'பிக்கப் தேதி. ஆண்டு-மாதம்-நாள் வரிசையில். உதாரணம்: 2025-06-05. கடந்துபோன தேதியை ஏற்காது.' அடுத்த ஓட்டத்தில் சரியாக ஜூன் 5. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. தட்டியும்விட்டேன்.

அடுத்து வந்த சண்டைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

"தம்பி, 'கேன்சல் ஷிப்மென்ட்'னு பேர் வச்சிருக்கியே, வண்டியில ஏறின பார்சலை இது நிறுத்துமா?"

"இல்லக்கா, பிக்கப்புக்கு முன்னாடி மட்டும்தான்."

"அதை எங்க எழுதியிருக்க?"

"அது... தெரிஞ்ச விஷயம்தானேக்கா."

"உனக்குத் தெரியும். ஏஜென்ட் உன் மண்டைக்குள்ள வந்து படிக்குமா?"

முக்கால் மணி நேரம் நடந்தது. வியர்த்துக் கொட்டியது. பெயர் 'கேன்சல் பிக்கப்' என்று மாறியது. கூடவே ஒரு வரி: 'பார்சல் வண்டியில் ஏறிய பிறகு இதைக் கூப்பிடாதே. அப்போது ரிட்டர்ன் கருவியை எடு.' அந்த ஒரு வரியால் எத்தனை பேருடைய பார்சல் தப்பிக்கப் போகிறது! இப்படியொரு வரியை எழுத எவ்வளவு பொறுமை வேண்டும் என்று பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும்.

அக்காவின் பலகையில் ஒரு பிரின்ட் அவுட் குத்தியிருக்கிறது. 2024 டிசம்பரில் ஆந்த்ரோபிக் பொறியாளர்கள் எழுதிய கட்டுரை அது. நிரல் திருத்தும் ஏஜென்ட் ஒன்றைச் செய்தபோது, அதற்குத் தரும் பொதுக் கட்டளையைவிடக் கருவிகளைச் செப்பனிடத்தான் அதிக நேரம் செலவிட்டதாகச் சொல்கிறார்கள். ஏஜென்ட் வேறு கோப்புறைக்கு நகர்ந்த பிறகு கோப்பின் பாதையைத் தவறாகக் கொடுத்ததாம். முழுப் பாதையையும் எழுதித்தான் ஆக வேண்டும் என்று கருவியை மாற்றியதும் தவறு நின்றதாம். அந்த வரியில் மஞ்சள் மார்க்கர் கோடு. பக்கத்திலேயே இன்னொரு தாள், 1971 யூனிக்ஸ் கையேட்டிலிருந்து. கருவியின் குறைகளைச் சொல்லவே அதில் 'பக்ஸ்' என்று தனித் தலைப்பு உண்டு. "நேர்மையா எழுதியிருக்காங்க பாருங்க" என்று அக்கா அதைத் தடவிக் காட்டுகிறார்.

மாலை பஜ்ஜி வந்தது. எண்ணெய்க் கையோடே, தவறான விவரம் வந்தால் கருவி தரும் 'எர்ரர் 400' என்ற மொட்டைப் பதிலை மாற்றினார்கள்: 'பின்கோடில் 5 இலக்கம்தான் இருக்கிறது, 6 வேண்டும். வாடிக்கையாளரிடம் கேள்.' ஏஜென்ட்டும் சமர்த்தாகக் கேட்டது!

கடைசி ஒத்திகை. 'பார்சல் வேணாம்' என்று இரண்டே சொல். காலையிலிருந்து இதில்தான் சிவப்பு விளக்கு. எல்லோரும் திரைமுன் குவிந்தோம். ஏஜென்ட் பார்சலின் நிலையைப் பார்த்தது. எதையும் ரத்து செய்யவில்லை. 'பார்சல் வண்டியில் ஏறிவிட்டது. திருப்பி அனுப்பச் சொல்லட்டுமா?' என்று கேட்டது.

பச்சை!

தம்பி நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினார். அக்கா கடைசி முறுக்கை எடுத்து இரண்டாக உடைத்து, பெரிய துண்டை அவரிடம் நீட்டினார்.