கர்ப்பிணியின் தட்டைக் குற்றம் சொல்லாதீர்கள்

ஆறாம் மாதத்துப் பரிசோதனையில் ஒரு பெண்ணுக்கு 'சுகர் இருக்கு' என்று அட்டையில் எழுதிவிட்டால், அன்று மாலையே வீட்டில் விசாரணை தொடங்கிவிடுகிறது. "அப்பவே சொன்னேன், ஸ்வீட்டைக் குறைச்சுக்கோன்னு." மசக்கை தெளிந்த நாளிலிருந்து "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்மா" என்று தட்டில் சோற்றைக் குவித்தவர்களே இதையும் சொல்கிறார்கள். அவளோ, தன் நாக்குதான் குழந்தைக்குக் கேடு செய்துவிட்டது என்று இரவெல்லாம் அழுகிறாள்.

அந்தப் பழி நியாயமற்றது. குழந்தைக்குச் சர்க்கரை தட்டாமல் கிடைக்க வேண்டும் என்பதற்காக நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை மட்டுப்படுத்துகின்றன. இது எல்லாக் கர்ப்பிணிக்கும் நடக்கிறது. பெரும்பாலானோரின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடும். சிலருக்கு அது முடியாமல் போகிறது. தாய் தகப்பனுக்குச் சர்க்கரை நோய், கர்ப்பத்துக்கு முன்பே கூடியிருந்த எடை, சினைப்பை நீர்க்கட்டி என்று அதற்குப் பல பின்னணிகள். அவள் தின்ற ஜிலேபியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவது மருத்துவமும் ஆகாது, மனிதத்தன்மையும் ஆகாது.

அதற்காக அலட்சியமாக இருக்கலாம் என்று சொல்லவில்லை. தாயின் ரத்தச் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும். அவளுடைய இன்சுலின் போகாது. வந்து சேரும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே இன்சுலினை அதிகம் சுரக்கிறது. குழந்தை கொழுத்து வளர்ந்து பிரசவம் சிக்கலாகலாம். தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுபோகும். இன்சுலின் சுரப்போ உடனே அடங்காது. அதனால்தான் பிறந்த சில மணி நேரத்தில் சில குழந்தைகளுக்குச் சர்க்கரை அபாயகரமாக இறங்குகிறது. சீக்கிரம் தாய்ப்பால் கொடுங்கள் என்று செவிலியர்கள் அவசரப்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வழியைத் தமிழகத்தின் ஏழைப் பெண்களை மனத்தில் வைத்து எளிமையாக்கியவர் சென்னையின் டாக்டர் வி. சேஷய்யா. கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் கர்ப்பிணியை "வெறும் வயிற்றோடு இன்னொரு நாள் வா" என்று திருப்பி அனுப்பினால், அவள் மறுபடி வருவது நிச்சயமில்லை. சாப்பிட்டிருந்தாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை கட்டாயம் என்று தமிழக அரசு 2007-இல் ஆணையிட்டது. பின்னர் மத்திய அரசின் வழிகாட்டுதலிலும் இதே முறை இடம்பெற்றது. பதிவு செய்ய வரும் முதல் நாளே ஒரு முறை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறுமுறை. அவருடைய பிறந்த நாளான மார்ச் 10 இந்த நோய்க்கான தேசிய விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது.

முடிவு வந்த பிறகு பல பெண்கள் செய்யும் காரியம்தான் எனக்குக் கவலை தருகிறது. பயந்துபோய்ப் பட்டினி கிடக்கிறார்கள். காலையில் ரெண்டு இட்லி, பிறகு மாலை வரை ஒன்றுமில்லை. பட்டினியில் உடம்பு கொழுப்பைக் கரைக்கத் தொடங்கி ரத்தத்தில் கீட்டோன்கள் சேரும். அது குழந்தைக்கு நல்லதல்ல. மூன்று வேளைச் சாப்பாடும் நடுவில் இரண்டு மூன்று சிறு தீனியும் வேண்டும். குறைக்க வேண்டியது சோற்றின் குவியலை. அந்த இடத்தில் கீரை, பொரியல், சுண்டல், முட்டை, மீன், கெட்டிப் பருப்பு வரட்டும். "டீயில கருப்பட்டிதான் போடுறேன்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். சத்து என்று நம்பி டம்ளர் நிறையக் குடிக்கும் ஜூஸும் மால்ட் பானமும் அப்படியே. மருத்துவர் தடுக்காவிட்டால் சாப்பிட்டபின் சற்று நடக்கலாம்.

இரண்டு வாரம் இப்படி இருந்தும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் அளவு 120-க்குக் கீழ் வராவிட்டால் மருந்து தேவைப்படும். இன்சுலின் ஊசி என்றதும் வீடே கலங்குகிறது. குழந்தையைச் சென்றடையாத மருந்து அது. பிரசவத்தோடு பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள்.

பிரசவம் ஆனதும் எல்லார் கண்ணும் குழந்தை மேல் போய்விடுகிறது. தாயின் சர்க்கரையை யாரும் நினைப்பதில்லை. கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆறாவது வாரத்தில் அவள் மறுபடியும் குளுக்கோஸ் சோதனை செய்துகொள்ள வேண்டும், இம்முறை வெறும் வயிற்றோடு. குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதும் அதே ஆறாவது வாரத்தில்தான். கணவன்மாரே, மாமியார்களே, அன்று அந்த இரண்டு மணி நேரம் குழந்தையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்; அவளைச் சோதனைக்கு அனுப்புங்கள்.